தந்தக் குருவியின் நிழல்

என் அண்ணி எலும்பு வரைந்து சம்பாதிக்கிறவள். எலும்பு மட்டும் என்றில்லை. இலையின் குறுக்குவெட்டு, தவளையின் வயிறு, தராசு, திருகாணி, பழைய காலத்து மண்பானை, எதைக் கேட்டாலும் வரைவாள். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் போடும் ஓர் அச்சகத்தில் அவளுக்கு வேலை. உங்கள் வீட்டுப் பிள்ளை இதயத்தின் நான்கு அறைகளுக்கும் பெயரை மாற்றி எழுதித் திட்டு வாங்கியிருந்தால், அந்த இதயம் அநேகமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிறந்ததாக இருக்கும்.

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒரு முறை சிலந்திக்கு ஆறு கால் போட்டுவிட்டார். புத்தகம் அச்சாகி ஊரெல்லாம் போன பிறகு வாத்தியார்களிடமிருந்து கடிதம் கடிதமாக வந்து குவிந்ததாம். அதற்குப் பிறகுதான் முதலாளி அண்ணியைத் தேடிப் பிடித்தார். "நான் கற்பனை பண்றதில்ல. பாத்ததை வரையறேன், அவ்வளவுதான்" என்று அண்ணி சொல்வாள். சொல்லும்போது மூக்கு கொஞ்சம் மேலே போகும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் எல்லாவற்றையும் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் எழுதிவைப்பாள். வீட்டில் கறிகாய் வாங்கியதை மறப்பாள், இதை மறக்க மாட்டாள்.

நான் அவளுடைய நாத்தனார். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் அந்த வீட்டில் பெரும்பாலும் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு மருந்துக்கடையில் வேலை. அண்ணி என்னை 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவாள். வாய் நீளம் என்பது உண்மைதான். தைரியம் எந்த அளவு என்பதை நீங்களே கடைசியில் சொல்லுங்கள்.

அச்சகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் அண்ணி மியூசியத்துக்குப் போனாள். மடக்கு முக்காலி, பென்சில் பெட்டி, தடிமனான நோட்டு, தண்ணீர் பாட்டில். மூன்றாவது ஹாலில் சின்னச் சாமான்கள் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. அந்த ஹாலுக்குக் காவல் இருந்தவரை எல்லோரும் சாவிக்காரர் என்பார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான மனிதர், சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். படம் வரைகிறவர்கள் எல்லோரும் டீச்சர்தான் என்று அவருக்கு எண்ணம். அண்ணி எத்தனை தடவை மறுத்தும் டீச்சர் என்றே கூப்பிட்டார். பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் மியூசியத்திலிருந்து போன் வந்தது. கண்காணிப்பாளர் பேசினார். கொஞ்சம் வர முடியுமா, நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவர் அறையில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததுமே நான் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். எந்தத் தப்பும் செய்யாதபோதே போலீசைக் கண்டால் எனக்கு அப்படித்தான்.

விஷயம் இதுதான். மூன்றாவது ஹாலில் ஒரு பெட்டியில் பத்தொன்பது சாமான் இருந்தது. சீப்பு, எடைக்கல், மூடி போட்ட டப்பி, ஊசி, அந்த மாதிரி. பின்வரிசையில் கட்டைவிரல் அளவில் தந்தத்தில் செய்த ஒரு குருவி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது வழக்கம். அன்று காலை எண்ணியபோது பதினெட்டுதான் இருந்தது. குருவியின் பெயர்ச்சீட்டு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. பூட்டு உடையவில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை. எப்போது போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"நீங்க புதன்கிழமை வந்திருக்கீங்க. அப்போ இருந்துதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அண்ணி நோட்டைத் திறந்து காட்டினாள். அந்தப் பெட்டி, அதற்குள் பத்தொன்பது சாமான், பின்வரிசையில் குருவி. கீழே தேதி, புதன்கிழமை, பகல் 11.40 முதல் 1.00 வரை. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனில் அந்தப் பக்கத்தை நாலைந்து தடவை படம் எடுத்துக்கொண்டார். 'குருவி பெட்டியில் இருந்ததை நேரில் பார்த்து வரைந்தேன்' என்று எழுதி அண்ணியிடம் கையெழுத்து வாங்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணியின் மூக்கு வழக்கத்தைவிட மேலே இருந்தது. நானும் சும்மா இல்லை. மறுநாள் மருந்துக்கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் பெருமை பீற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பேப்பரில் நாலு வரி வந்திருந்தது. புதன்கிழமை மதியத்துக்கும் சனிக்கிழமை காலைக்கும் நடுவில் அந்த ஹாலின் சாவிகள் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தன என்றும், அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுகிறார் என்றும், பொருள் காணாமல் போன நாளைக் கணிக்க ஓர் ஓவியரின் படம் உதவியது என்றும் போட்டிருந்தார்கள். அண்ணி அதை இரண்டு தடவை படித்தாள்.

"அவரு எடுத்திருக்க மாட்டாரு" என்றாள்.

"எடுக்கலன்னா விட்டுடுவாங்க. நீங்க சாப்பிடுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அண்ணி சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். குளிர் ஒன்றும் இல்லை.

"இங்க வா. நிழலைப் பாரு" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்டி இருந்தது, சாமான் இருந்தது, மூலையில் வழக்கம் போலச் சாவிக்காரர் நாற்காலியில் இருந்தார். அவரை எல்லாப் படத்திலும் ஓரமாகப் போடுவாள். பெட்டி எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான்.

"நிழல்தான் இருக்கே. அதுக்கு என்ன?"

"எந்தப் பக்கம் விழுது?"

விரலை வைத்துக் காட்டினாள். சீப்பின் நிழல் வலதுபக்கம். டப்பியின் நிழல் வலதுபக்கம். எடைக்கல், ஊசி, எல்லாம் வலதுபக்கம். குருவியின் நிழல் மட்டும் இடதுபக்கம் விழுந்திருந்தது.

அந்தப் பெட்டிக்குப் பல வருஷமாக வலதுபக்கம் ஒரு டியூப்லைட்தான் இருந்ததாம். புதன்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, மியூசியம் மூடியிருக்கிற நாளில், ஆள் வைத்து அதைக் கழற்றிவிட்டு இடதுபக்கம் புது விளக்கு மாட்டியிருக்கிறார்கள். புதன்கிழமை அண்ணி போனபோது வெளிச்சம் இடதுபக்கத்திலிருந்து வந்தது. பதினெட்டு சாமானை அந்த வெளிச்சத்தில் பார்த்து வரைந்திருக்கிறாள். குருவிக்கு மட்டும் பழைய வெளிச்சம்.

"இந்தக் குருவியை நான் அன்னிக்குப் பாக்கல. நாப்பது அம்பது தடவை வரைஞ்ச குருவி. சீட்டு இருந்துது, கை தானா போட்டுடுச்சு. அங்க ஒண்ணுமே இல்ல. இல்லங்கறதைக்கூட நான் பாக்கல" என்றாள் அண்ணி.

நான் முதலில் செய்த காரியம் ஜன்னலைச் சாத்தியதுதான். எதிர்வீட்டில் யாரும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் சாத்தினேன். பிறகு என் மூளை மளமளவென்று வேலை செய்தது. பொய்ச் சாட்சி சொன்னால் உள்ளே போட்டுவிடுவார்கள். அச்சகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், பார்க்காததை வரைகிற ஆள் அவர்களுக்கு எதற்கு? அதோடு விடுவார்களா? பதினோரு வருஷமாக அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவள், இருப்பதாகப் பொய்ப்படம் காட்டித் திருடனைக் காப்பாற்றினாள் என்று அண்ணியையே கூட்டாளியாக்கினால்? எல்லாவற்றையும் கொட்டினேன்.

"யாரு கண்டுபிடிக்கப்போறாங்க அண்ணி? நீங்க சொல்லியே எனக்குப் புரியல. அந்த நிழலை அழிச்சுட்டு இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுட்டா?"

அது தப்பு என்று அண்ணி என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "போட்டோ எடுத்துட்டாங்களே" என்றாள். அவளும் அதை யோசித்துப் பார்த்திருக்கிறாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். உங்களிடம் மறைத்து என்ன பயன், அப்படித்தான் முடிவு செய்தோம்.

மறுநாள் புதன்கிழமை. அண்ணி மியூசியத்துக்குப் போகவில்லை. எனக்கும் கடைக்குப் போகப் பிடிக்காமல் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன், அது பாதி உண்மை. பத்து மணி வாக்கில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. போலீஸ் என்றே நினைத்தேன். திறந்தால் ஒரு பெண், கசங்கின புடவை, கையில் ஒன்றும் இல்லை. சாவிக்காரர் மனைவி. விலாசத்தை மியூசியத்தில் யாரிடமோ கெஞ்சி வாங்கியிருக்கிறாள்.

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் அண்ணியைக் கும்பிட்டாள்.

"அவருக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். அவரைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க நீங்கதான். காலையில போனா இருட்டினப்புறம்தான் அனுப்பறாங்க. நிக்கவெச்சே கேக்கறாங்களாம்."

"அவரு என்ன சொல்றாரு?" என்று அண்ணி கேட்டாள்.

"முதல் ரெண்டு நாள் நான் எடுக்கலன்னு சொன்னாரு. நேத்துலேருந்து வேற மாதிரி பேசறாரு. டீச்சர் பொய் வரைய மாட்டாங்க, புதன்கிழமை இருந்துதுன்னா இருந்திருக்கும், அப்போ என் கையிலேருந்துதான் போயிருக்கணும்னு சொல்றாரு. நான் தூங்கிட்டேனா, பூட்டாம விட்டுட்டேனான்னு என்னையே கேக்கறாரு. பூட்டாம விட்டது நான்தான்னு எழுதிக் குடுத்தா திருட்டுக் கேஸ் இருக்காதுன்னு சொல்லியிருக்காங்க. இன்னிக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போடப்போறாரு. போட்டா வேலை போயிடும். எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க."

போலீஸ் மிரட்டி ஒப்புக்கொண்டிருந்தால்கூட மனசு இவ்வளவு கலங்கியிருக்காது. தன் கண்ணையும் தன் ஞாபகத்தையும் விட்டுவிட்டு அந்த மனிதர் எங்கள் அண்ணியின் பென்சிலை நம்பியிருக்கிறார்.

அண்ணி உள்ளே போனாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு நோட்டோடு வெளியே வந்தாள்.

"அன்னிக்கு நான் அந்தக் குருவியைப் பாக்கலம்மா. பாக்காமயே வரைஞ்சுட்டேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

அவளுக்குப் புரியவில்லை. பாவம், எப்படிப் புரியும்? "வாங்க போலாம்" என்றாள் அண்ணி. நான் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன். "உங்களை உள்ள தள்ளிடுவாங்க அண்ணி, அண்ணன் வரட்டும், நாளைக்குப் போலாம்" என்று காதோடு சொன்னேன். "நீ வேணா இரு" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். தைரியத்தால் இல்லை, தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கப் பயம்.

மியூசியத்தில் கண்காணிப்பாளர் அறையிலேயே இன்ஸ்பெக்டர் இருந்தார். சாவிக்காரர் மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அண்ணி நின்றுகொண்டே சொன்னாள். பேச்சு திக்கியது, ஆனால் நிறுத்தவில்லை. நிழலைக் காட்டினாள். இன்ஸ்பெக்டர் தன் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, சாமான் சாமானாக நகர்த்திப் பார்த்தார். பிறகு கண்காணிப்பாளரிடம் திரும்பினார்.

"விளக்கு மாத்தினப்போ பெட்டியைத் திறந்தது யாரு?"

"நான்தான். அன்னிக்கு லீவு நாள், சாவி என்கிட்ட இருந்துது. வேலையாளுங்க ரெண்டு மணி நேரம் இருந்தாங்க" என்றார் அவர். சொன்னதும் அவர் முகம் கடுகடுவென்று ஆனது. "ஒரு நிழல் தப்பா விழுந்ததுக்கா இவ்வளவு? இவங்களுக்கும் அந்த ஆளுக்கும் பல வருஷப் பழக்கம். காப்பாத்தப் பாக்கறாங்க. இல்லாத பொருளை யாராவது வரைவாங்களா?"

இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுச் சொன்னீங்க. இன்னிக்கு வேற சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டார். அண்ணி நோட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "சரி, போய் உக்காந்து அதே பெட்டியை வரைங்க. பாக்கறேன்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஹாலை மூடி, பார்க்க வருகிறவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வாசலில் புதுக் காவலாளி ஒருவர் நின்றார், மீசையும் தொப்பையுமாக. அண்ணி முக்காலியில் உட்கார்ந்தாள். முதல் கோடே நெளிந்தது. வேறு தாள் எடுத்தாள். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம், கண்காணிப்பாளர் ஒரு பக்கம், நான் பின்னால். நான் பின்வரிசையில் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குருவியை வரைந்துவிடுங்கள் அண்ணி என்று ஒரு மனசு கதறியது. வேண்டுமென்றே வரைந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று இன்னொரு மனசு பதறியது. அண்ணியின் கழுத்தில் வியர்வை வழிந்தது. பெட்டியைவிட்டு அவள் கண் நகரவே இல்லை. பதினெட்டு சாமானையும் போட்டாள். குருவியின் இடத்துக்கு வந்தாள். நன்றாகப் பார்த்தாள். சீட்டை வரைந்து, இடத்தைக் காலியாக விட்டாள். பிறகு ஓரத்தில் கடகடவென்று நாலு கோடு இழுத்துவிட்டு, தேதி எழுதி நீட்டினாள்.

கண்காணிப்பாளர் சிரித்தார். "பாத்தீங்களா? இல்லாததை இவங்க வரையல."

எனக்கு உயிரே போய்விட்டது. பயத்தில் அண்ணி ஒழுங்காகப் பார்த்துத் தொலைத்திருக்கிறாள். அந்த மனிதரை இனி யார் காப்பாற்றுவார்கள், அண்ணியை யார் காப்பாற்றுவார்கள்?

இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்தில் விரல் வைத்தார்.

"இது யாரு?"

மூலையில் நாற்காலி. நாற்காலியில் ஒல்லியாக ஓர் ஆள், மடியில் சாவிக்கொத்து.

நாங்கள் எல்லோரும் திரும்பினோம். நாற்காலி காலியாக இருந்தது. அன்று முழுக்க அதில் யாரும் உட்காரவில்லை. தொப்பைக் காவலாளி வாசலிலேயே நின்றிருந்தார். அண்ணி தன் படத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் இவரை வரையலயே" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயத்தை யாராலும் நடிக்க முடியாது. இன்ஸ்பெக்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பழைய வாக்குமூலத்தை எடுத்துக் குறுக்கே கோடு போட்டுவிட்டு, புதிதாக எழுத ஆரம்பித்தார்.

அன்று மாலை சாவிக்காரர் கையெழுத்துப் போடவில்லை. விளக்கு மாட்டின ஆட்களை விசாரித்தார்கள், கண்காணிப்பாளரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். குருவி இன்னும் கிடைக்கவில்லை. அண்ணியை எச்சரித்து விட்டுவிட்டார்கள். நடந்ததை அச்சக முதலாளியிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் அவளை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அவள் வரைவதை எல்லாம் சரிபார்க்க ஒரு பெண்ணை நியமித்தார். அந்தப் பெண் இப்போது அண்ணியின் சிலந்திக்குக் கால் எண்ணுகிறாள். அண்ணி பக்கத்தில் நிற்கிறாள்.

சாவிக்காரர் வேலையில் திரும்பச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்ததும், அடுத்த புதன்கிழமை அண்ணி என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். எங்களைக் கண்டதும் அவர் எழுந்து கும்பிட்டார். முகம் வற்றிப்போயிருந்தது. மகள்களைப் பற்றி அண்ணி விசாரித்தாள், நன்றாக இருக்கிறார்கள் என்றார். அண்ணி முக்காலியைப் பிரித்தாள். அவர் பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், உங்கமேல எனக்குக் கோவம் இல்ல. நீங்க வந்து சொல்லலன்னா நான் எழுதிக் குடுத்திருப்பேன். என் பொண்ணுங்க உங்களைக் கும்பிடறாங்க."

"பரவால்லங்க" என்றாள் அண்ணி.

"ஆனா இங்க வேணாம் டீச்சர். நீங்க பென்சிலை எடுத்தாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. என்னத்தைப் போடுவீங்களோன்னு இருக்கு. நாலாவது ஹாலுல உக்காருங்களேன். அங்க வெளிச்சமும் நல்லா இருக்கும்."

அண்ணி சரிங்க என்றாள். முக்காலியை மடக்கினாள். பென்சில் பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். ஹாலின் கடைசிக் கதவுவரை நடந்து, அங்கே நான் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கதவைத் தாண்டிப் போகும்வரை அவர் அதில் உட்காரவில்லை.